கால்வலி சொல்லும் வரலாறு



"கால் எரிகிறது", "கால் மரத்துப் போகிறது", "காலையில் எழுந்தால் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை." இந்த மூன்றில் ஒன்றாவது கேட்காத தோட்டத்து வீடு இருக்க முடியாது. ஜொகூர் பாருவைச் சுற்றியுள்ள வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிவந்துவிட்ட குடும்பங்களிலும், பழைய தோட்டத்து ஆட்கள் என்றால் இதே பேச்சுத்தான். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், மேடும் பள்ளமுமான நிரைகளில் மரம் மரமாக நடந்து பால் வெட்டி, பிறகு அதே மரங்களை மறுபடி சுற்றிப் பாலெடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோர் வரையில் நடந்த கால்கள் அவை. வலிக்காமல் என்ன செய்யும் என்று நாமே சமாதானம் சொல்லிக் கொள்கிறோம். கொஞ்சம் எண்ணெய் தேய்க்கிறோம், வெந்நீர் ஊற்றுகிறோம், படுத்துக் கொள்கிறோம்.

உழைப்பினால் கால் வலிப்பது உண்மைதான். ஆனால் கால் நோவின் காரணம் எப்போதும் காலிலேயே இருப்பதில்லை. சில வேளை அது சோற்றுத் தட்டில் இருக்கிறது. சில வேளை மண்ணில் இருக்கிறது. இக்காலத்தில் பெரும்பாலும் இரத்தத்தில் இருக்கிறது. இதை மனிதகுலம் கற்றுக்கொண்ட இடங்களில் நம் மலாயாவும் ஒன்று. அந்தப் பாடத்தில் நம்மவர் வீட்டுப் புழுங்கலரிசிக்கும் ஓர் இடம் உண்டு. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல நினைக்கிறேன்.

சுமார் நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் பெரிபெரி என்றாலே மக்கள் நடுங்கினார்கள். மலாய் மொழியில் 'பிரி-பிரி' என்றால் செம்மறியாடு என்பது உங்களுக்குத் தெரியும். நோய் கண்டவர்கள் முழங்கால் நடுங்க, ஆட்டைப் போல நடந்ததால்தான் இந்தப் பெயர் வந்தது என்று பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பொந்தியஸ் என்ற டச்சு வைத்தியர் எழுதி வைத்தார். பெயருக்கு வேறு விளக்கம் சொல்வோரும் உண்டு. நோய் தொடங்கும் விதத்தில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை: அது காலில்தான் தொடங்கும். முதலில் பாதம் மரத்துப் போகும். உள்ளங்காலில் எரிச்சல் எடுக்கும். கெண்டைக்காலை அழுத்தினால் உயிர் போகும். குந்தி உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாது. பின்னர்க் கால் வீங்கும், மூச்சு வாங்கும். இதயம் பலவீனமாகிச் சாவும் நேரும்.

ஈயச் சுரங்கங்களிலும் சிங்கப்பூரின் நெருக்கமான கூலி விடுதிகளிலும் உழைத்த சீனர்களை இந்த நோய் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயிற்று. காற்று கெட்டதனால் வருகிறது என்றார் ஒருவர். மண்ணில் கிருமி இருக்கிறது என்றார் இன்னொருவர். அழுகிய மீன்தான் காரணம் என்றார் வேறொருவர்.

அக்காலத்தில் நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்தவர் டாக்டர் பிராடன். அவர் ஒரு வேலை செய்தார். நோய் யாருக்கு வருகிறது என்று மட்டும் பாராமல், யாருக்கு வரவில்லை என்றும் பார்த்தார். ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே மழை. ஆனால் சீனத் தொழிலாளிக்கு வருகிறது. கம்பத்து மலாய்க்காரருக்கு வரவில்லை. தமிழருக்கும் அநேகமாக வரவில்லை. மூவருக்கும் சோறுதான் உணவு. அப்படியானால் வேறுபாடு எங்கே?

அரிசியில் இருந்தது வேறுபாடு. சீனத் தொழிலாளர் உண்டது சயாமிலிருந்து வந்த பச்சரிசி. ஆலையில் தீட்டித் தீட்டி வெள்ளை வெளேரென்று ஆக்கப்பட்டது. மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்திச் சமைத்தனர். அதில் தவிடு ஒட்டியிருக்கும். தமிழர் உண்டதோ புழுங்கலரிசி. பிராடன் இதையெல்லாம் திரட்டி 1907ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். கெட்டுப்போன வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்பது அவருடைய முடிவு. அந்த முடிவு சரியல்ல என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அரிசியைச் சுட்டிக் காட்டிய விரல் சரியாகத்தான் காட்டியது.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் ஒரு சோதனை நடத்தினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்களுக்குச் சயாம் வெள்ளையரிசி, இரட்டைப்படை எண்காரர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்றக் கறி, மீன் எல்லாம் ஒன்றே. 1905ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கி ஓராண்டு இது நடந்தது. வெள்ளையரிசி உண்ட 120 பேரில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் பெரிபெரி கண்டனர். 18 பேர் இறந்தும் போயினர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவரிடம் மட்டுமே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் வரும்போதே அதைக் கொண்டுவந்தவர்கள். அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்றைக்கு இப்படி ஒரு சோதனையை எந்த ஆஸ்பத்திரியும் நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. மருத்துவ வரலாற்றைப் பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்து வந்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டேன்டனும். நம் ஜொகூருக்கு அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானில், ஜெலுபு மாவட்டத்துக் காட்டில் சாலை போட வந்திருந்த 300 ஜாவானியத் தொழிலாளரை அவர்கள் இரு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வெள்ளையரிசி, மறு கூட்டத்துக்குப் புழுங்கலரிசி. சில மாதங்களில் வெள்ளையரிசிக் கூட்டத்தில் கால்கள் மரத்தன, வீங்கின. மறு கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. பிறகு அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. 1909இல் அவர்கள் இதை உலகுக்கு அறிவித்தார்கள். அரிசியில் நஞ்சு எதுவும் இல்லை, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்துத்தான் குறைகிறது என்பதையும் நிலைநாட்டினார்கள்.

அதற்கு முன்பே, 1890களில், பத்தேவியாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளிடம் இதைக் கண்டிருந்தார். ஆஸ்பத்திரிச் சமையலில் மீந்த வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. புதிதாக வந்த சமையற்காரர், "இராணுவத்து அரிசியை ஊர்க் கோழிக்குப் போட மாட்டேன்" என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசி போடத் தொடங்கியதும் கோழிகள் எழுந்து நடந்தன. அந்தச் சமையற்காரரின் சிக்கனத்துக்கும் மருத்துவ உலகம் கடன்பட்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்! அந்தச் சத்துத்தான் இன்று நாம் வைட்டமின் பி1 என்று சொல்வது. 1926இல் அதைத் தவிட்டிலிருந்து தனியே பிரித்தெடுத்தார்கள். 1936இல் அதன் அமைப்பை முழுமையாகக் கண்டு, செயற்கையாகவும் தயாரித்த வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர், பழைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர்.

புழுங்கலரிசிக்கு மட்டும் இந்தச் சக்தி எப்படி வந்தது? நம் பாட்டிமார் நெல்லை ஊறவைத்து, அண்டாவில் அவித்து, பாயில் காயவைத்து, அப்புறம் குத்துவார்கள். நெல் நீரில் ஊறி ஆவியில் வேகும்போது, தவிட்டில் இருக்கும் சத்து அரிசியின் உள்ளே இறங்கி விடுகிறது. அதற்குப் பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. அவர்களுக்கு வைட்டமின் தெரியாது. அவித்த நெல் குத்தும்போது உடையாது, அரிசியில் பூச்சி எளிதில் ஏறாது, சோறு பசி தாங்கும். இவ்வளவுதான் அவர்கள் கண்ட காரணம். அந்தப் பழக்கம் கப்பலேறி அவர்களோடு மலாயாவுக்கு வந்து, எத்தனையோ பேருடைய கால்களைக் காப்பாற்றியது.

சத்துக் குறைந்தால் ஏன் காலைத் தாக்க வேண்டும்? நம் உடம்பில் மிக நீளமான நரம்புகள் இடுப்பிலிருந்து கால் விரல் வரை ஓடுகின்றன. நீண்ட நரம்புக்கு ஊட்டம் குறைந்தால், கோடைக்காலத்தில் கடைமடை வயல் முதலில் காய்வது போல, அதன் நுனிதான் முதலில் வாடும். ஆகவேதான் பாதத்தில் தொடங்குகிறது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்; பின்னால் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசும்போது இது வேண்டியிருக்கும்.

பெரிபெரியிலிருந்து தப்பிய தமிழரின் கால், மண்ணிலிருந்து தப்பவில்லை. தோட்டத்தில் செருப்பில்லாமல் நடந்த காலம் அது. லயத்துக்குப் பின்னால் இருந்த ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருந்தன. அவை விரலிடுக்கில் தோலைத் துளைத்து உள்ளே புகும். முதலில் அரிப்பு, பிறகு கொப்புளம், புண். சேற்றுப்புண் என்று சொல்லி விட்டுவிடுவார்கள். புழு குடலில் போய் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் இரத்தம் குடிக்கும். ஆள் வெளுத்துப் போவார், ஏற்றத்தில் மூச்சு வாங்கும், வேலையில் பின்தங்குவார். துரையும் கங்காணியும் அவருக்குச் சோம்பேறி என்று பட்டம் கட்டினார்கள். இரத்தமே இல்லாத மனிதரைச் சோம்பேறி என்றது எவ்வளவு பெரிய அநியாயம்!

இந்தப் புழு தோல் வழியாகத்தான் நுழைகிறது என்பது 1898இல் கெய்ரோ நகரில் தெரிய வந்தது. லூஸ் என்ற ஆராய்ச்சியாளரின் கைமேல் புழுக் குஞ்சுகள் இருந்த நீர் தவறிச் சிந்தியது, தோல் அரித்தது, சில வாரம் கழித்து அவர் வயிற்றிலேயே புழு இருந்தது. அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய டாக்டர் டார்லிங்கின் குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பீஜி ஆகிய இடங்களில் இந்நோயை ஆராய்ந்தது. புழு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, கழிவறையும் காலணியும் வேண்டும் என்பது அன்றே தெளிவாகிவிட்டது. ஆனால் மருந்து ஒரு நாள் செலவு. கழிவறை கட்டுவது தோட்ட நிர்வாகத்துக்குப் பெரிய செலவு. எது முதலில் நடந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

1920களில் சிங்கப்பூரில் தான் கா கீயின் தொழிற்சாலையில் ரப்பர் அடிப்பாகம் வைத்த சப்பாத்துகள் ஏராளமாகச் செய்யப்பட்டு வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஜொகூர் நீரிணைக்கு இந்தப் பக்கத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர்கள் வெறுங்காலோடு நடந்தார்கள்.

போர் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த பிறகு அரிசி வரத்துக் குறைந்தது. மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. கிழங்கில் மாவு உண்டு, பி1 சத்து மிகக் குறைவு. புழுங்கலரிசி கொடுத்திருந்த பாதுகாப்பு அதோடு போயிற்று. தோட்டங்களிலும் கால் வீக்கம் வந்தது. சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர். மூங்கில் கீறிய சிறு காயம், செருப்பில்லாத கால், சத்தில்லாத உடம்பு, விடாத மழை. எலும்பு தெரியும் அளவுக்குப் புண் அரித்தது. திரும்பி வராதவர்கள் பல்லாயிரம். அந்தப் பேச்சுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

அதே ஆண்டுகளில், நீரிணைக்கு அப்பால் சாங்கி முகாமில் அடைபட்டிருந்த போர்க்கைதிகளுக்கு விசித்திரமான ஒரு கால்நோய் வந்தது. வெளியே பார்த்தால் பாதத்தில் புண் இல்லை, வீக்கம் இல்லை. இரவில் மட்டும் நெருப்பில் நிற்பதுபோல் எரியும். படுக்க முடியாமல் முகாமில் நடந்து கொண்டே இருப்பார்கள். சிலர் குளிர்ந்த நீரில் காலை வைத்தபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். வேதனை தாங்காமல் காலை உதறி ஆடியதால், கேலியாக அதற்கு 'மகிழ்ச்சிக் கால்' என்றே பெயர் வைத்துக் கொண்டார்கள். போருக்குப் பிறகு, 1946இல், குருக்‌ஷாங்க் என்ற மருத்துவர் இதை விரிவாக எழுதினார். அதே ஆண்டில், சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலன் தென்னிந்தியாவில் தாம் கண்ட பாத எரிச்சல் நோயாளிகளைப் பற்றி எழுதினார். பின்னாளில் இந்தியாவின் சத்துணவு ஆராய்ச்சிக்கே தலைவராக விளங்கியவர் அவர். இருவரும் பேசியது பி வகைச் சத்துகளின் குறைவைப் பற்றித்தான். ஏழையின் பாத எரிச்சலும் கைதியின் பாத எரிச்சலும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவை.

இதில் குடிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நாள்தோறும் சம்சு குடித்து, சரியாகச் சாப்பிடாமல் படுப்பவரின் உடம்பில் பி1 தங்குவதில்லை. அவருக்கும் கால்தான் முதலில் எரியும்.

இதுவரை வலிக்கும் காலைப் பற்றிச் சொன்னேன். வலிக்காத கால் அதைவிட ஆபத்தானது என்பதைக் கண்டு சொன்னவர் வேலூரில் இருந்தார். டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் அந்த நோயினாலேயே அழுகி விழுகின்றன என்றுதான் அன்றைக்கு எல்லாரும் நம்பினார்கள். அவர் கூடவே இருந்து கவனித்தார். ஆணி குத்தினாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. புண்ணான காலின் மேலேயே அழுத்தி நடக்கிறார்கள். நாமாக இருந்தால் நொண்டுவோம். நொண்டுவதால் புண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது. அவர்கள் நொண்டுவதில்லை. உணர்ச்சி போனதுதான் கேடு. புண் அதன் விளைவு.

ஆகவே அங்கே மருந்தோடு செருப்பும் செய்யத் தொடங்கினார்கள். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரை அடியில் வைத்து, பாதத்தின் அழுத்தம் ஒரே இடத்தில் விழாதபடி செய்த செருப்பு அது. வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரியில் அந்த வேலை தொடர்ந்து நடந்தது. 1966இல் பிராண்ட் அமெரிக்காவுக்குச் சென்ற பின், அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களிலும் இதே கதையைத்தான் கண்டார். இன்று உலகெங்கும் சர்க்கரை நோயாளிக்குச் சொல்லப்படும் பாதப் பராமரிப்பில் வேலூரில் கற்ற பாடம் கலந்திருக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பெரிபெரி போயிற்று. ஜொகூரில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. நடை குறைந்தது, தேநீரில் சீனியும் கெட்டிப்பாலும் ஏறின. 2019ஆம் ஆண்டில் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் சர்க்கரை நோய் மிகுதியாக இருப்பது இந்தியரிடையேதான். வயது வந்தவர்களில் பத்துப் பேருக்கு மூவர் என்ற அளவில் இருந்தது. மிகுந்த சர்க்கரை ஆண்டுக்கணக்கில் நரம்பை அரிக்கிறது. நீண்ட நரம்பின் நுனி முதலில் வாடும் என்று சொன்னேன் அல்லவா? இங்கேயும் அதுதான் நடக்கிறது. முதலில் இரவில் எரிச்சல், எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி. பிறகு ஒரு நாள் எரிச்சல் நின்றுவிடும். "தைலம் தேய்த்தேன், குணமாகிவிட்டது" என்று மகிழ்வார்கள். பல வேளைகளில் அது குணமானதல்ல, உணர்ச்சி போய்விட்டது.

ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தில் வெந்நீர் ஊற்றக் கூடாது. சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். கால் ஆணியைப் பிளேடால் சீவக் கூடாது. சப்பாத்தை மாட்டுமுன் உள்ளே கையை விட்டுக் கல், ஆணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் கால் கழுவி, விரலிடுக்கின் ஈரத்தைத் துடைத்து, அடிப்பாதத்தை ஒரு முறை பார்க்க வேண்டும். குனிய முடியாத பெரியவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம். பார்வை நன்றாக உள்ள பிள்ளைக்கு அது அரை நிமிட வேலை.

காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தி, சற்று நடந்ததும் குறையும் வலி வேறு வகை. அது குதிகாலிலிருந்து விரல் வரை செல்லும் தடித்த தசைநார் நொந்து போவதால் வருவது. நெடுநேரம் நின்றவர்களுக்கும், சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கும் வரும். படுக்கையை விட்டு இறங்குமுன் விரல்களைக் கையால் பிடித்து முகத்தின் பக்கமாக மெல்ல இழுத்து நீட்டுவதும், சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவதும், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு அணிவதும் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் நன்மை தரும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, ஆறாத புண் இருந்தாலோ, விரல் கறுத்தாலோ வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அரசாங்கக் கிளினிக்கில் பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கும் முறை மிக எளிது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றினால் பாதத்தில் அங்கங்கே தொடுவார்கள். தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். வலியில்லை, ஊசியில்லை. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைச் செய்து கொள்ள வேண்டும். தாமாகச் செய்யாவிட்டால், "காலையும் பார்த்துவிடுங்கள்" என்று கேளுங்கள். போகும்போது நீங்கள் அன்றாடம் போடும் சிலிப்பரையே போட்டுக்கொண்டு போங்கள். அதன் அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே, கால் எங்கே அழுத்தம் தாங்குகிறது என்று அவர்களால் சொல்ல முடியும்.